மேக்ரோவும் செயற்கூறும்: தஞ்சை நிலக்கணக்கை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

நிலத்தின் நீள அகலங்களைக் கோலால் அளந்து குழியாக்கி, குழியை மாவாக்கி, மாவை வேலியாக்கி, அதன்பின் பத்திரத்துக்காக ஏக்கர் சென்ட் என்றும் பட்டாவுக்காக ஹெக்டேர் ஏர் என்றும் மாற்றி எழுதுகிற கணக்கு, திருவையாறு, பாபநாசம், மன்னார்குடி ஆகிய காவிரிப் படுகை வட்டாரங்களில் இன்றும் வழக்கொழியாமல் நடந்து வருகிறது. 12 அடிக் கோலை எடுத்துக்கொண்டால் ஒரு குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. மூன்று மா ஓர் ஏக்கர் என்று ஊரில் சொல்லுவார்கள். ஆனால் மூன்று மாவுக்கு 43,200 சதுர அடியும் ஓர் ஏக்கருக்கு 43,560 சதுர அடியும் ஆகையால், சொல்லுக்கும் கணக்குக்கும் நடுவே 360 சதுர அடி காணாமற் போகிறது. வேலியளவுக்கு வரும்போது அந்த வித்தியாசம் 2,400 சதுர அடியாக, அதாவது ஐந்தரை சென்டாகப் பெருகி, வரப்புத் தகராறுக்குப் போதுமான விஷயமாகிவிடும். இத்தகைய கணக்கைக் கணிப்பொறியில் ஒரே ஒருமுறை எழுதிப் பெயரிட்டு வைத்து, வேண்டும்போதெல்லாம் பெயரைச் சொல்லி வரவழைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு இரண்டு மார்க்கங்கள் உண்டு. ஒன்று மேக்ரோ, மற்றொன்று செயற்கூறு. ஸ்கிரிப்டு மொழிகள் என்று வழங்கும் மொழிகளில் இவ்விரண்டனுள் எதனை எப்போது கொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மேக்ரோ என்பது எழுத்துக்கு எழுத்தை மாற்றீடு செய்வது. நிரலில் அதன் பெயர் வருமிடத்திலெல்லாம், அந்தப் பெயர் நீங்கி, அது குறிக்கும் வாசகம் முழுவதும் அவ்விடத்தில் வந்து அமர்ந்துகொள்ளும். கொடுத்த உள்ளீடுகளும் எழுதியபடியே, மதிப்பறியப்படாமல், அந்த வாசகத்துள் புகுத்தப்படும். நிரல் ஓடத் தொடங்கும் முன்பே இவ்வளவும் நடந்து முடிந்துவிடும். செயற்கூறோ தன் வாசகத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கும். அழைப்பு வரும்போது உள்ளீடுகளின் மதிப்பு முதலில் கணிக்கப்பட்டு, அந்த மதிப்புகள் மாத்திரம் அதனிடம் ஒப்படைக்கப்படும். அது தன் காரியத்தைத் தனியிடத்தில் முடித்துக்கொண்டு விடையைத் திருப்பித் தரும். எழுதியதைக் கேட்பது மேக்ரோ, அதன் மதிப்பைக் கேட்பது செயற்கூறு என்ற இந்த ஒரு பேதத்திலிருந்தே மற்ற எல்லாப் பேதங்களும் கிளைக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

சரித்திரத்தில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் பிறந்தவை. கேம்பிரிட்ஜில் எட்சாக் யந்திரத்தை ஒட்டி டேவிட் வீலர் வகுத்த துணைநிரல் முறை, வில்க்ஸ், வீலர், கில் மூவரும் 1951-ல் வெளியிட்ட நூலின் வாயிலாகப் பரவிற்று. அசெம்பிளி மொழிகளில் வழங்கிய மேக்ரோக் கட்டளைகளை உயர்நிலை மொழிகளுக்கும் விஸ்தரிக்கலாம் என்று டக்ளஸ் மக்கில்ராய் 1960-ல் எழுதினார். லிஸ்ப் மொழியில் மேக்ரோவைப் புகுத்தும் யோசனையைத் திமத்தி ஹார்ட் 1963-ல் ஒரு குறிப்பாக வெளியிட்டார். கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி 1965-ல் மேக்ரோவை மாத்திரமே அடிப்படையாகக் கொண்ட ஒரு முழு மொழியையே அமைத்துக் காட்டினார். அதன் வழிவந்ததாகச் சொல்லத்தக்க எம்4 என்னும் கருவியை 1977-ல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதினர். மேக்ரோ மரபில் பிற்காலத்தில் மிகப் பிரசித்தமானது சி மொழியின் முன்செயலி.

அக்காலத்தில் மேக்ரோவுக்கு இருந்த மதிப்பு பெரும்பாலும் சிக்கனத்தினால் வந்தது. ஒரு துணைநிரலை அழைப்பதென்றால், திரும்பி வரவேண்டிய இடத்தைக் குறித்துவைத்து, உள்ளீடுகளைப் பதிவகங்களிலோ அடுக்கிலோ இட்டு, வேறிடத்துக்குத் தாவி, முடிந்தபின் மீண்டும் தாவி வரவேண்டும். இரண்டு எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்கிற அற்பக் காரியத்துக்கு இத்தனை ஆரவாரம் எதற்கென்று அன்றைய நிரலாசிரியர் கேட்டது நியாயமே. இந்த நியாயமும் நாளடைவில் தளர்ந்துவிட்டது. சி++ மொழி தொடக்கத்திலிருந்தே இன்லைன் என்னும் அடைமொழியால், செயற்கூறாக எழுதி மேக்ரோவின் வேகத்தைப் பெறும் வழியைக் கொடுத்தது. சி மொழியும் 1999-ஆம் ஆண்டுத் தரத்தில் அதையே ஏற்றுக்கொண்டது. இன்றைய கம்பைலர்கள் ஒருவர் கேளாமலே சிறு செயற்கூறுகளை விரித்துவிடும்.

ஸ்கிரிப்டு மொழிகளின் நிலை இன்னும் வெளிப்படையானது. இவற்றில் நிரலைப் படித்தவாறே நிறைவேற்றிச் செல்லும் இன்டர்பிரெட்டர் ஒன்று நடுவில் உண்டு. ஒரு கூட்டலுக்கும் ஒரு பெயரின் மதிப்பைத் தேடுவதற்குங்கூட அது பல அடிகள் நடந்தாகவேண்டும். அழைப்பின் செலவு இவற்றில் இல்லை என்று சொல்லமாட்டேன். பைத்தானில் அது பலகாலம் குறையாகவே பேசப்பட்டு, 2022 அக்டோபரில் வெளியான 3.11 பதிப்பில் கணிசமாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் ஒரு வருவாய்க் கிராமத்தின் அடங்கலில் உள்ள புலங்கள் அனைத்துக்கும் குழிக்கணக்குப் போட்டு முடிக்க ஆகும் நேரம், அச்சுப்பொறி ஒரு தாளை இழுத்துக்கொள்ளும் நேரத்தைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே வேகத்தைக் காரணம் காட்டி ஸ்கிரிப்டு மொழியில் மேக்ரோவை நாடுவது, காரணம் மறைந்த பின்னும் நின்றுவிட்ட ஒரு வழக்கம்.

இனி ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். முத்து அண்ணாமலை பைத்தானின்மேல் அமைத்த ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழி, பள்ளிப் பிள்ளைகள் தாய்மொழியிலேயே கணினியறிவைத் தொடங்கவேண்டும் என்ற நோக்கத்தோடு பிறந்தது. அதை அறிமுகப்படுத்தும் ஒரு கட்டுரை 2013-ல் வெளிவந்தது. அதில் செயற்கூற்றை ‘நிரல்பாகம்’ என்று தொடங்கி ‘முடி’ என்று முடிக்கவேண்டும். விடையைப் ‘பின்கொடு’ என்று திருப்பவேண்டும். குழிக்கணக்கை அம்மொழியில் எழுதினால் இப்படியிருக்கும்:

நிரல்பாகம் குழி( நீளம், அகலம் )
    பின்கொடு நீளம் * அகலம் / 144
முடி

எழிலில் செயற்கூறு ஒன்றே உண்டு. இதே வாசகத்தை மேக்ரோவாக எழுதும் வசதியும் அதில் இருந்ததாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுவோம். 60 அடி நீளமுள்ள ஒரு நாற்றங்காலோடு பக்கத்திலிருந்த 12 அடித் துண்டும் சேர்ந்துவிட்டது. அகலம் 48 அடி. கணக்கெழுதுகிறவர் இயல்பாக குழி( 60 + 12, 48 ) என்று எழுதுவார். செயற்கூறு முதலில் 60-ஐயும் 12-ஐயும் கூட்டி 72 என்று கொண்டு, 48-ஆல் பெருக்கி, 144-ஆல் வகுத்து, 24 குழி என்று சரியாகச் சொல்லும். மேக்ரோவோ எழுதியதை எழுதியபடியே புகுத்துவதால் அவ்விடத்தில் 60 + 12 * 48 / 144 என்ற வாசகம் உண்டாகும். பெருக்கலும் வகுத்தலும் கூட்டலுக்கு முந்தியவை என்ற விதிப்படி 12-ம் 48-ம் மட்டும் பெருகி, வகுபட்டு 4 ஆகி, 60-உடன் சேர்ந்து 64 குழி என்ற விடை வரும். கால் மாவுக்கும் குறைந்த நாற்றங்கால் அரை மாவைத் தாண்டிவிட்டது! நிரல் எந்தப் பிழையையும் அறிவிக்காது. ஏனெனில் அதன் கண்ணுக்குப் பிழை ஏதும் நிகழவில்லை. ஒவ்வோர் உள்ளீட்டையும் அடைப்புக்குறிக்குள் இட்டு, மொத்த வாசகத்தையும் மறுபடி ஓர் அடைப்புக்குறிக்குள் இட்டு எழுதினால் இந்தத் தோஷம் நீங்கும் என்று சி மொழிப் பாடநூல்கள் போதிக்கும். அந்தப் போதனையை மறவாமல் கடைப்பிடித்தாலும், இதைவிட ஆழமான மூன்று தோஷங்கள் அப்படியே நிற்கும்.

முதலாவது, ஒரே உள்ளீடு இருமுறை நிறைவேறுவது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் சாதாரணமாக 17 சதவீதத்துக்குமேல் இருக்கலாகாது என்பது விதி. வந்த நெல்லின் ஈரத்தைக் கருவியால் அளந்து, அதனையும் 17-ஐயும் ஒப்பிட்டுப் பெரியதை எடுத்துக்கொள்ளும்படி ஒருவர் பெரியது( ஈரம்_அள(), 17 ) என்று எழுதுவதாகக் கொள்வோம். ‘பெரியது’ மேக்ரோவாக இருந்தால், முதல் உள்ளீடு இரண்டாவதைவிட மிகுதியா என்று கேட்பதற்கு ஒருமுறையும், மிகுதியென்றால் அதையே விடையாகத் தருவதற்கு மறுமுறையும் என்று ‘ஈரம்_அள’ இருமுறை அழைக்கப்படும். முதல் அளவில் 18.2 என்று காட்டிய கருவி, இரண்டாம் அளவுக்குள் அடுத்த சாக்கின் நெல்லில் இடப்பட்டிருந்தால், 16.8 என்று காட்டக்கூடும். அப்போது 17-க்கும் 16.8-க்கும் பெரியது 16.8 என்று அந்த மேக்ரோ கூசாமல் சொல்லும். செயற்கூறு அளவை ஒருமுறை வாங்கி, வாங்கிய மதிப்பையே இரண்டு இடத்திலும் பயன்படுத்துவதால் அங்கே இந்த அபத்தத்துக்கு வழியில்லை.

இரண்டாவது, பெயர் மோதல். இரண்டு மாறிகளின் மதிப்பைப் பரிவர்த்தனை செய்ய ‘இடமாற்று’ என்று ஒரு மேக்ரோ எழுதி, அதற்குள் தற்காலிகமாக ஒரு மதிப்பை வைத்துக்கொள்ளப் ‘பழையது’ என்ற மாறியைப் பயன்படுத்தியிருந்தால், என்றோ ஒருநாள் வேறொருவர் இடமாற்று( பழையது, புதியது ) என்று எழுதப்போவது நிச்சயம். அப்போது விரியும் வாசகம், பழையதைப் பழையதில் வை, பழையதில் புதியதை வை, புதியதில் பழையதை வை என்று ஆகி, இரண்டு மாறிகளிலும் புதியதே எஞ்சி, பழையது உலகத்தை விட்டே போய்விடும். லிஸ்ப் மரபினர் இதனை ஒரு தனி நோயாகவே பாவித்து ஆராய்ந்தனர். கோல்பெக்கர், ஃப்ரீட்மன், ஃபெலைசன், டூபா என்னும் நால்வர் 1986-ல் வெளியிட்ட முறைப்படி, மேக்ரோ தனக்கென உண்டாக்கும் பெயர்களையும் அழைப்பவர் கொடுத்த பெயர்களையும் விரிக்கும்போதே வேறுபடுத்தி வைக்கலாம். ஸ்கீம் மொழி 1998-ஆம் ஆண்டு அறிக்கையில் அத்தகைய மேக்ரோவைத் தன் இலக்கணத்தின் அங்கமாக ஏற்றது. அவர்களுடைய சாமர்த்தியத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு பிரயாசையால் மேக்ரோவுக்கு வரவழைக்கப்பட்ட குணம், செயற்கூற்றுக்குப் பிறவியிலேயே அமைந்திருப்பது. ஒன்றை மாத்திரம் மேக்ரோவின் சார்பில் ஒப்புக்கொள்ளவேண்டும்: அழைப்பவருடைய மாறியை நேரே மாற்றும் காரியம் செயற்கூற்றுக்கு எளிதாகக் கைவராது. ஸ்கிரிப்டு மொழிகள் இரண்டு மதிப்புகளை ஒருசேரத் திருப்பித் தரும் வசதியைக் கொடுத்து, இந்த வழக்கைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டன.

மூன்றாவது தோஷமே ஸ்கிரிப்டு மொழிகளுக்கு விசேஷமாக உரியது. அது காலத்தைப் பற்றியது. மேக்ரோ விரிவது நிரல் படிக்கப்படும் வேளையில். செயற்கூறு தேடப்படுவது நிரல் ஓடும் வேளையில். பருவம் தப்பிய மழையால் அறுத்த நெல் நனைந்துபோன ஆண்டுகளில் விவசாயிகள் முறையிட, மத்திய அரசு ஈரப்பத வரம்பைத் தளர்த்தி உத்தரவிடுவது டெல்டா வாசிகள் அறிந்த விஷயம். உத்தரவு வந்த அன்று, ‘ஈர_வரம்பு’ என்பது செயற்கூறாக இருந்தால், அதன் வாசகத்தில் உள்ள 17-ஐ மாற்றி மீண்டும் ஏற்றியதும், அதனை அழைக்கும் நிரல்கள் யாவும் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய வரம்பைக் கைக்கொள்ளும். மேக்ரோவாக இருந்தால், ஏற்கனவே விரிந்துபோன இடங்களிலெல்லாம் பழைய 17 கல்லாக உறைந்து கிடக்கும். எந்தெந்த நிரல் முன்பு படிக்கப்பட்டது, எது பின்பு படிக்கப்பட்டது என்பதற்கேற்பப் பாதி மூட்டைகள் ஒரு விதியாலும் பாதி மூட்டைகள் வேறொரு விதியாலும் தீர்மானிக்கப்படும். மேலும், மேக்ரோ தன்னைப் பயன்படுத்தும் வரி படிக்கப்படுவதற்கு முன்பே வரையறுக்கப்பட்டிருக்கவேண்டும். செயற்கூற்றுக்கு, தன்னை அழைக்கும் வரி நிறைவேறுவதற்கு முன்பு இருந்தால் போதுமானது. ஒன்றையொன்று அழைக்கும் இரண்டு செயற்கூறுகளை எந்த வரிசையில் எழுதினாலும் தோஷமில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இந்த விவகாரம் புதிதாகத் தோன்றாது. 1010-ல் முற்றுப்பெற்ற அக்கோயிலின் அதிட்டானத்தில் ராஜராஜன் வெட்டுவித்த சாசனங்கள், நெல்லைக் குறிக்கும்போது ராஜகேசரியோடு ஒத்த ஆடவல்லான் என்னும் மரக்காலால் என்றும், பொன்னைக் குறிக்கும்போது ஆடவல்லான் என்னும் கல்லால் என்றும், ரத்தினங்களைக் குறிக்கும்போது தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லால் என்றும் அளவையின் பெயரைச் சொல்லிச் செல்கின்றன. அந்த மரக்கால் இத்தனை நாழி கொண்டது, இன்ன வாயும் இன்ன உயரமும் உடையது என்ற விவரத்தை ஒவ்வொரு தானத்தோடும் திரும்ப வெட்டவில்லை. அளவை ஓரிடத்தில் இருக்கிறது. சாசனம் அதனைப் பெயரால் அழைக்கிறது. ஊருக்கு ஊர் மரக்காலும் வட்டாரத்துக்கு வட்டாரம் நிலக்கோலும் பேதப்பட்ட தேசத்தில், எந்த மரக்கால் என்பதைப் பெயரோடு பிணைத்து வைத்த அந்த எச்சரிக்கை, தன் பெயர்களின் அர்த்தத்தைத் தான் எழுதப்பட்ட இடத்திலிருந்தே எடுத்துவரும் செயற்கூற்றின் குணத்தை ஒத்தது. மேக்ரோவுக்குள் வரும் பெயரோ, அது விரிகிற ஊரின் மரக்காலையே தன் மரக்காலாகக் கொள்ளும்.

இதுவரை சொன்னதைக் கொண்டு மேக்ரோவுக்கு வேலையே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. செயற்கூறு தன் உள்ளீடுகளை முன்னதாகவே மதிப்பறிந்து வாங்குகிறது என்று சொன்னோமே, அதே குணம் சில சந்தர்ப்பங்களில் அதன் கையைக் கட்டிவிடுகிறது. ‘ஆறு நிறைந்திருந்தால் மதகைத் திற, இல்லையேல் மூடு’ என்ற காரியத்தை ஒரு சாதாரணச் செயற்கூறாக எழுதி, திறப்பதையும் மூடுவதையும் உள்ளீடுகளாகக் கொடுத்தால், நிபந்தனை பார்க்கப்படும் முன்பே மதகு திறந்தும் மூடியும் ஆகிவிடும். இரண்டில் ஒன்றையே செய்யவேண்டிய இடத்தில் உள்ளீட்டின் மதிப்பறிதலை ஒத்திப்போடும் வழி வேண்டும்.

இதற்கான விடைகள் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தேடப்பட்டவை. ஆல்கால் 60 மொழி, உள்ளீட்டின் மதிப்பு வேண்டப்படுந்தோறும் அதனைப் புதிதாகக் கணிக்கும் முறையை ஏற்றிருந்தது; அதை நிறைவேற்ற, உள்ளீடு ஒவ்வொன்றையும் சிறியதொரு செயற்கூறாகப் பொதிந்து அனுப்பலாம் என்று பீட்டர் இங்கர்மன் 1961-ல் காட்டினார். பழைய லிஸ்ப் மொழிகளில் உள்ளீடுகளை மதிப்பறியாமலே பெறும் ஒருவகைச் செயற்கூறு வழங்கிற்று. அத்தகையவற்றால் நிரலைப் படித்தே புரிந்துகொள்வது கம்பைலருக்கு அசாத்தியமாகிறது என்று கென்ட் பிட்மன் 1980-ல் வாதாடி, அவற்றின் இடத்தில் மேக்ரோவை வைக்கவேண்டும் என்றார். ஒரு காலத்தில் செயற்கூற்றை விலக்கி அதன் ஸ்தானத்தில் மேக்ரோ அமர்ந்தது என்பதையும் இவ்விடத்தில் நினைவில் கொள்ளுவது நல்லது; கம்பைலருக்காக உண்டான அந்த வாதம், கம்பைலரே முன்னிற்காத மொழிக்கு அதே பலத்தோடு பொருந்துமா என்பதுதான் கேள்வி.

ஜான் ஆஸ்டர்ஹவுட் 1988-ல் பெர்க்லியில் தொடங்கிய டிக்கிள் மொழி இக்கேள்விக்கு அதிதைரியமான பதிலைக் கொடுத்தது. அம்மொழியில் நிபந்தனைக் கட்டளையும் சுழற்சிக் கட்டளையுங்கூட இலக்கணத்தின் அங்கமல்லாமல் சாதாரணக் கட்டளைகளே. நெளிவடைப்புக்குள் இட்ட வாசகம் மதிப்பறியப்படாத வெறும் எழுத்தாகவே கட்டளையிடம் போய்ச் சேரும். அந்த எழுத்தை எப்போது, எத்தனை முறை நிறைவேற்றுவது என்பது கட்டளையின் இஷ்டம். அப்லெவல் என்னும் கட்டளை, அந்த எழுத்தை அழைத்தவருடைய மாறிகளின் நடுவிலேயே நிறைவேற்றித் தரும். அப்வார் என்பது அழைத்தவரின் மாறியைத் தன் மாறிபோல் கையாள இடங்கொடுக்கும். ஆகவே ‘ஒவ்வொரு புலத்துக்கும்’ என்று ஒரு புதுச் சுழற்சிக் கட்டளை வேண்டுமென்றால், அதைச் செயற்கூறாகவே நாலைந்து வரிகளில் எழுதிவிடலாம். இந்த அமைப்பின் எளிமை வியக்கத்தக்கது. எனினும் அழைப்பவரின் வீட்டுக்குள் புகுந்து காரியம் பார்க்கிற இந்தச் செயற்கூறு, மேற்சொன்ன பெயர் மோதல் என்னும் தோஷத்தை முற்றும் ஒழித்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. செயற்கூற்றின் வேஷத்தில் மேக்ரோவே வந்து நிற்கிறதோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

1995-ல் வெளிவந்த ரூபி மொழி காட்டிய வழி இதனினும் செம்மையானது. அதில் ஒரு நிரல்துண்டைத் தொகுதியாக்கிச் செயற்கூற்றுக்கு அனுப்பலாம். தொகுதி தான் எழுதப்பட்ட இடத்தின் மாறிகளைத் தன்னோடே எடுத்துச் செல்லும். அதை அழைக்கும் உரிமை மாத்திரமே செயற்கூற்றுக்கு உண்டு. தொகுதியின் பெயர்களோடு தன் பெயர்களைக் கலக்க அதற்கு வழியில்லை. கோப்பைத் திறந்து, வேலை முடிந்ததும் தவறாமல் மூடுவது, பிழை நேர்ந்தால் மறுபடி முயல்வது, ஒரு காரியத்துக்கு ஆகும் நேரத்தை அளப்பது முதலிய, மேக்ரோவின்றி முடியாதென்று முன்னாளில் கருதப்பட்ட பிரயோகங்கள் பலவும் இந்த ஒரு யுக்தியால் செயற்கூற்றின் எல்லைக்குள் வந்துவிட்டன. பைத்தான் இவற்றுள் சிலவற்றுக்கு 2004-லும் 2006-லும் வெளியான பதிப்புகளில் அலங்கரிப்பான் என்றும் வித் வாசகம் என்றும் தனித்தனி வடிவம் கொடுத்தது. மேக்ரோவைச் சேர்க்கும்படி 2020-ல் வந்த ஒரு முன்மொழிவை அது ஏற்கவில்லை.

யூனிக்ஸ் ஷெல்லிலோ வழக்கு விசாரணையின்றியே தீர்ந்துவிட்டது எனலாம். அலையஸ் என்பது அங்கே மேக்ரோவின் ஏழை உறவினன். உள்ளீட்டை நடுவில் வைக்க அதனால் ஆகாது. கட்டளை படிக்கப்படும்போது விரிவதால், ஒரே வரியில் அலையஸை வரையறுத்து அதே வரியில் பயன்படுத்தினால் பலிக்காது. செயற்கூற்றுக்குள் எழுதிய அலையஸோ, செயற்கூறு அழைக்கப்படும்போதன்றி வரையறுக்கப்படும்போதே விரிந்துவிடும். ஏறக்குறைய எல்லாக் காரியத்துக்கும் செயற்கூறே தக்கதென்று பாஷ் ஷெல்லின் கையேடே கூறுகிறது.

அலுவலகங்களில் மேக்ரோ என்று வழங்குவது வேறொரு பொருள். ஆனால் அதையும் விட்டுவிடுவதற்கில்லை. 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 முதற்கொண்டு, கணக்குத்தாளில் ஒருவர் அடித்த விசைகளைப் பதிந்துவைத்து மறுபடி ஓட்டுவதையே மக்கள் மேக்ரோ என்று அழைத்து வந்தார்கள். எக்ஸெல் 1993-ல் விஷுவல் பேசிக்கைச் சேர்த்துக்கொண்டபின் பதிந்த மேக்ரோ நிரலாகவே எழுதப்படலாயிற்று. 1999 மார்ச்சில் மெலிஸ்ஸா என்னும் வைரஸ் வேர்டு ஆவணங்களில் இருந்த இத்தகைய மேக்ரோவின் வழியாகவே உலகெங்கும் பரவிற்று. 2020 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த லாம்டா, கணக்குத்தாளின் சூத்திரத்தையே பெயரிட்ட செயற்கூறாக்கும் வழியைத் திறந்தது. குழியை ஏக்கராக்கும் கணக்குக்கு இனி ஒரு மேக்ரோக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டியதில்லை.

தமிழ் அலுவலகங்களில் பதிந்த மேக்ரோ செய்த சேதத்துக்கு ஒரு திருஷ்டாந்தம் போதும். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆவணங்களை யூனிகோடாக மாற்ற, ‘தேடி மாற்று’ கட்டளைகளை வரிசையாகப் பதிந்துவைத்து ஓட்டுவது வழக்கம். பழைய முறையில் ஒற்றைக் கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் பின்னால் நிற்கவேண்டும். ஔகாரம் ஏறிய எழுத்துக்குக் கொம்பு, மெய், அதன்பின் ளகர வடிவம் என்று மூன்று அடையாளங்கள் உண்டு. அந்த ளகர வடிவமும் மெய்யான ளகரமும் எழுத்துருவில் ஒன்றே. ஆதலால் ‘கொம்பு, மெய், ளகரம் மூன்றும் சேர்ந்து வந்தால் ஔகாரமாக்கு’ என்று பதிந்த மேக்ரோ, கௌரவம் என்ற சொல்லைச் சரியாகவே மாற்றிவிட்டு, வெள்ளம் என்ற சொல்லுக்கு வந்ததும் அதன் முதல் மூன்று அடையாளங்களையும் விழுங்கி வௌ என்று ஆக்கி, புள்ளியை அந்தரத்தில் தொங்கவிடும். வெளி என்ற சொல்லுக்கும் அதே கதி. வெள்ளமும் வெள்ளாமையும் நிறைந்த டெல்டா ஆவணங்களில் இது எத்தனை இடத்தில் நேரும் என்று சொல்லத் தேவையில்லை. செயற்கூறாக எழுதினவர், ளகரத்தை அடுத்து என்ன நிற்கிறது என்பதையும் பார்த்து, புள்ளியோ உயிர்க்குறியோ நின்றால் அது மெய்யான ளகரம், வேறெழுத்து நின்றால் ஔகாரத்தின் பகுதி என்று முடிவுசெய்து, முடிவைத் திருப்பித் தரலாம். வெள்ளம், வெளி, கௌரவம், சௌகரியம் என்று நாலு சொல்லைக் கொடுத்து அதைத் தனியே சோதித்தும் பார்க்கலாம். பதிந்த மேக்ரோவைச் சோதிக்க ஆவணம் முழுவதையும் பலிகொடுக்கவேண்டும்.

சோதனையைப் பற்றிச் சொன்னதால் பிழை தேடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. செயற்கூற்றுக்குள் பிழை நேர்ந்தால், எதை எது அழைத்தது என்ற வரிசையை அதன் பெயரோடும் வரியெண்ணோடும் இன்டர்பிரெட்டர் ஒப்பிக்கும். விரிந்துபோன மேக்ரோவுக்குப் பெயரே மிஞ்சாது. ஆசிரியர் எழுதாத வரியில் அவர் எழுதாத பிழை என்று சுட்டிக்காட்டப்படும்.

இவ்வளவுக்கும் பிறகு மேக்ரோவின் பங்கில் எஞ்சுவது என்ன? உள்ளீட்டின் மதிப்போடு அதன் எழுத்தும் வேண்டும் என்னும் சந்தர்ப்பங்கள் முதலில் நினைவுக்கு வருகின்றன. சி மொழியின் அசெர்ட் மேக்ரோ, நிபந்தனை பொய்த்தபோது அந்த நிபந்தனையை எழுதியபடியே அச்சிட்டுக் காட்டும். எழுத்தைக் கண்ணாலும் காணாத செயற்கூற்றுக்கு இது எப்படிச் சாத்தியம்? புள்ளியியலாளர் கையாளும் ஆர் மொழி இதையும் செயற்கூற்றின் வசமாக்கிவிட்டது. அதில் உள்ளீடுகள் தேவைப்படும்வரை மதிப்பறியப்படாமல் வாக்குறுதிகளாகவே காத்திருக்கும். அவற்றின் எழுத்து வடிவையும் செயற்கூறு கேட்டு வாங்கலாம். இதனால் அம்மொழியின் நிபந்தனைச் சோதனையும் சாதாரணச் செயற்கூறாகவே இருக்கிறது. இந்த வசதியைக் கொண்டு ஆர் மொழியில் மேக்ரோவையே செயற்கூறாகச் சமைத்துக் காட்டிய தாமஸ் லம்லியின் குறிப்பு 2001-ல் அம்மொழியின் செய்தியேட்டில் வந்தது. புதிய பெயர்களை அழைப்பவரின் இடத்தில் பிறப்பிப்பது, மொழியின் இலக்கணத்தில் இல்லாத புது வாக்கிய வடிவங்களை உண்டாக்குவது ஆகிய இரண்டும், ஜூலியா, எலிக்ஸிர் போன்ற மொழிகள் மேக்ரோவைத் தெரிந்தே வைத்துக்கொண்டிருப்பதற்குத் தக்க காரணங்கள். அவற்றிலும் மேக்ரோவைச் சிறிய தோலாக மேலே வைத்து, உள்ளே நடக்கவேண்டிய காரியம் அனைத்தையும் ஒரு செயற்கூற்றிடம் விட்டுவிடுவதே தேர்ந்தவர்களின் வழக்கம். ‘ஒவ்வொரு புலத்துக்கும்’ என்ற புது வாக்கியத்தை மேக்ரோ ஏற்றுக்கொண்டு, அவ்வாக்கியத்தின் உடலை ஒரு சிறு செயற்கூறாகப் பொதிந்து ஒப்படைத்தால், குழியை எண்ணுவதும் மாவாக்குவதும் உள்ளிருக்கும் செயற்கூற்றின் பொறுப்பாகும்.